இரத்த தான இடைவெளியை 90 நாட்களுக்கும் கீழே குறைக்கலாமா? கொடையாளர் தகுதி பற்றிய விவாதம்

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் இரத்தம் தேவைப்படுவோரையும் கொடுக்க முன்வருவோரையும் இணைக்கும் சிறிய வாட்ஸ்அப் குழு ஒன்றைச் சில நண்பர்களுடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். அண்மையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் தேவைப்பட்டது. எங்கள் பட்டியலில் அந்த வகை உள்ளவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஓர் இளைஞர் உடனே வருவதாகச் சொன்னார். ஆனால் அவர் கடைசியாக இரத்தம் கொடுத்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. "மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று படிவத்தில் எழுதிவிடுங்கள், உயிர் காக்கும் காரியத்தில் தேதியா முக்கியம்" என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அமெரிக்காவில் 56 நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கிறார்களே, நம் உடம்பு மட்டும் வேறா என்று இன்னொருவர் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. நல்லவேளையாகக் கும்பகோணத்திலிருந்து வேறொருவர் வந்து கொடுத்தார்.

இருந்தாலும் அந்தக் கேள்விக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. 90 நாட்கள் என்பது எதை வைத்து வந்த கணக்கு? ஆணுக்கு 90, பெண்ணுக்கு 120 என்று ஏன் வேறுபாடு? முகாம்களில் எடை, வயது, பச்சை குத்தியது எனப் பல காரணங்களைச் சொல்லித் திருப்பி அனுப்பும்போது வந்தவர்கள் மனம் வருந்துகிறார்கள்; அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் எங்கள் குழுவுக்குப் பேருதவியாக இருக்கும்.

ஆய்வக மேசை:

இரத்த மையத்தில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நீங்கள் அந்த இளைஞரைத் தடுத்தது சரியான முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விதி. இந்தியாவில் கொடையாளர் தேர்வுக்கான அளவுகோல்களைத் தேசிய இரத்த ஏற்று மன்றம் 2017 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. 2020 மார்ச்சில் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக அவற்றின் பெரும்பகுதி சட்டத்தின் பலத்தைப் பெற்றது. ஆகவே 90 நாட்கள் என்பது அந்தந்த மையத்தின் விருப்பம் அன்று. மருத்துவ அலுவலரே நினைத்தாலும் அதைத் தளர்த்த முடியாது. முழு இரத்தம் கொடுப்பதற்கு ஆண்களுக்கு 90 நாட்கள், பெண்களுக்கு 120 நாட்கள் இடைவெளி கட்டாயம். வயது 18 முதல் 65 வரை. ஆனால் முதன்முறையாகக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ இருந்தால் 350 மி.லி. எடுக்கலாம், 55 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் 450 மி.லி. எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் 100 மி.லி. இரத்தத்துக்கு 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது.

எடைக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. உடலில் இருக்கும் மொத்த இரத்தம் எடைக்கு ஏற்ப மாறும். ஆணுக்குக் கிலோவுக்கு 76 மி.லி., பெண்ணுக்கு 66 மி.லி. என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஏறத்தாழ மூன்று லிட்டர் இரத்தமே இருக்கும். அதில் 350 மி.லி. எடுத்தாலே பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. அதற்குக் குறைவான எடையுள்ளவருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் அவர்களிடம் 250 மி.லி. மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று முகாம்களில் கேட்பார்கள். பையில் இரத்தம் உறையாமலிருக்க ஊற்றி வைத்திருக்கும் கரைசல் 350 மி.லி. இரத்தத்துக்கு 49 மி.லி. என்ற அளவில் முன்கூட்டியே நிரப்பப்பட்டது. இரத்தம் குறைவாகச் சேர்ந்தால் அந்த விகிதம் கெட்டுவிடும்.

இனி இடைவெளியைப் பற்றி. இரத்தம் கொடுத்த ஓரிரு நாட்களில் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா திரும்ப நிரம்பிவிடுகிறது. சிவப்பணுக்கள் பழைய எண்ணிக்கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். இந்த இரண்டையும் மட்டும் பார்ப்பவர்கள்தான் இரண்டு மாதம் போதும் என்கிறார்கள். மூன்றாவதாக இரும்புச்சத்து இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மி.கி. இரும்பு இருக்கும். ஹீமோகுளோபின் 13 உள்ள ஒருவர் 350 மி.லி. கொடுத்தால் ஏறத்தாழ 45 கிராம் ஹீமோகுளோபினையும், அதனுடன் 150 மி.கி.க்கும் மேற்பட்ட இரும்பையும் இழக்கிறார். சாதாரண உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது ஒன்று முதல் இரண்டு மி.கி. மட்டுமே, அதிலும் ஒரு பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே போய்விடும். பற்றாக்குறையின்போது உடல் சற்றுக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், இழந்த இரும்பு முழுவதும் திரும்பச் சேர மூன்று மாதங்கள்கூடச் சிலருக்குப் போதாது. சேமிப்பில் கை வைத்துச் செலவு செய்பவர் வெளியே நன்றாக இருப்பதுபோலவே தோன்றுவார். ஹீமோகுளோபினும் அப்படித்தான், சேமிப்பு தீரும் வரை குறையாது. விரல் நுனியில் எடுக்கும் சோதனை சேமிப்பைக் காட்டுவதில்லை. அதைக் காட்டுவது ஃபெர்ரிட்டின் சோதனை. அது நம் முகாம்களில் செய்யப்படுவதில்லை. அளக்க முடியாத ஒன்றைப் பாதுகாக்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி நாட்களின் எண்ணிக்கைதான்.

பெண்களுக்கு 120 நாட்கள் என்பதும் இதனால்தான். மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் இரும்பு போகிறது. பொதுவாக அவர்களின் இரும்புச் சேமிப்பும் ஆண்களைவிடக் குறைவு.

பொன்னமராவதியான்:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனாலும் என் ஐயம் முழுமையாகத் தீரவில்லை. அமெரிக்காவில் 56 நாட்கள், பிரிட்டனில் ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். மனித உடல் ஒன்றாக இருக்கும்போது விதி நாட்டுக்கு நாடு மாறுகிறது என்றால், அறிவியலைவிட நிர்வாக வசதிதானே இதில் பெரிதாக இருக்கிறது? ஆரோக்கியமான, நன்றாகச் சாப்பிடுகிற, ஓ நெகட்டிவ் போன்ற அரிய வகை இரத்தம் உள்ள ஆண் ஒருவர் தம் விருப்பத்தின் பேரில் 60 நாட்களில் கொடுத்தால் அதை ஏன் குற்றம்போலப் பார்க்க வேண்டும்? தாயும் சேயும் பிழைத்தால் அவருடைய இரும்புச்சத்து இரண்டு மாதம் தாமதமாக நிரம்பட்டுமே.

குருதியியல் மாணவி:

நான் இரத்த ஏற்று மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படிக்கிறேன். பொன்னமராவதியான் அவர்களின் கேள்வி நியாயமானது. இதே கேள்விக்கு விடை காண பிரிட்டனில் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. இன்டர்வல் என்ற பெயரில் நடந்த அந்த ஆய்வில் 45,000க்கும் மேற்பட்ட கொடையாளர்கள் பங்கேற்றார்கள். ஆண்களை 12, 10, 8 வாரங்கள் என்றும், பெண்களை 16, 14, 12 வாரங்கள் என்றும் பிரித்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இரத்தம் எடுத்தார்கள். முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. இடைவெளியைக் குறைத்தபோது கூடுதலான இரத்தம் கிடைத்தது. வாழ்க்கைத் தரத்திலோ அறிவாற்றலிலோ பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆனால் அடிக்கடி கொடுத்தவர்களிடம் சோர்வு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், கால்களில் அமைதியின்மை போன்ற அறிகுறிகள் அதிகம் காணப்பட்டன. ஹீமோகுளோபினும் ஃபெர்ரிட்டினும் குறைந்தன. ஹீமோகுளோபின் போதாமையால் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையும் கூடியது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த, ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்ட கொடையாளர்களிடமே இப்படி என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க விதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 56 நாட்கள் என்றாலும் ஆண்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 13 இருக்க வேண்டும் என்று 2016 முதல் உயர்த்திவிட்டார்கள். பிரிட்டனில் ஆண்களுக்கு 13.5. நம் நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 12.5. உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி 13க்குக் கீழே ஹீமோகுளோபின் உள்ள ஆண் இரத்த சோகை உள்ளவர். அதாவது, 12.7 உள்ள ஓர் ஆண் நம் விதிப்படி தகுதி பெறுகிறார். மருத்துவ வரையறைப்படியோ அவர் சிகிச்சை பெற வேண்டியவர். வாசலில் சற்றுத் தாராளமாக இருக்கும் நாம் இடைவெளியிலும் தாராளம் காட்டினால் கொடையாளரைப் பாதுகாக்க எதுவுமே மிஞ்சாது. வெளிநாட்டு விதியை எடுத்துக்கொள்வதானால் அதை முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுக்கக் கூடாது.

தம் விருப்பத்தின் பேரில் கொடுப்பவரை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அரிய வகை இரத்தம் உள்ளவர்களைத்தான் மற்றவர்களைவிடக் கவனமாகக் காக்க வேண்டும். அவர்களைத்தான் ஊரே தேடி வருகிறது. ஒவ்வொரு அழைப்பிலும் ஓர் உயிர் இருக்கிறது. மறுக்க மனம் வராது. இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடினால் அந்த இளைஞர் இரத்த சோகையோடு பட்டியலிலிருந்தே விலக நேரிடும். அவருக்காக "இப்போது முடியாது" என்று சொல்லும் பொறுப்பை விதி ஏற்றுக்கொள்கிறது.

தேன்மொழி, கோவை:

பெண்களின் தரப்பையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆவலோடு போய், ஹீமோகுளோபின் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் வகுப்பில் வரிசையில் நின்ற மாணவிகளில் பெரும்பாலோர் அன்று வெறுங்கையோடுதான் திரும்பினோம். எங்கள் கண்ணெதிரே நீல நிறக் கரைசல் இருந்த சிறு குடுவையில் ஒரு சொட்டு இரத்தத்தை விட்டார்கள். அது மூழ்காமல் மேலேயே நின்றது. "அடுத்த ஆள் வாங்க" என்றார்கள், அவ்வளவுதான். அந்தச் சொட்டு ஏன் மிதந்தது, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தகுதியில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருவது வருத்தமாக இருந்தது. இப்படித் திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்கு முகாம் நடத்துபவர்கள் ஏதேனும் வழிகாட்ட வேண்டாமா?

ஆய்வக மேசை:

வழிகாட்டத்தான் வேண்டும், அம்மா. விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. 2017 நெறிகளின் தலைப்பிலேயே கொடையாளர் தேர்வோடு கொடையாளரை மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைப்பதும் சேர்ந்திருக்கிறது. கூட்டம் நிறைந்த முகாமில் அந்த இரண்டாம் பாதியைத்தான் முதலில் கைவிட்டுவிடுகிறார்கள். இதை நான் என் துறையின் குறையாகவே பார்க்கிறேன்.

நீங்கள் பார்த்தது தாமிர சல்பேட் கரைசல். அதன் ஒப்படர்த்தியை 1.053 என்று அமைத்து வைத்திருப்பார்கள், ஹீமோகுளோபின் 12.5 உள்ள இரத்தத்தின் அடர்த்திக்கு அது இணையானது. சொட்டு 15 விநாடிகளுக்குள் மூழ்கினால் தகுதி உண்டு. மிதந்தாலோ தயங்கி நின்றாலோ வேறு முறையில் சோதித்து உறுதி செய்ய வேண்டும். காற்றுக் குமிழி கலந்த சொட்டு நல்ல இரத்தமாக இருந்தாலும் மிதக்கும். ஆகவே மிதந்தவர்கள் அனைவருக்கும் இரத்த சோகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறு கருவியில் எண்ணாகவே அளந்து, அந்த எண்ணை எழுதிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

குருதியியல் மாணவி:

தேன்மொழி அவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 12.5க்குக் கீழே இருப்பது தானத்துக்குத் தகுதியின்மை; கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால்தான் இரத்த சோகை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் நோயாளி அல்லர். ஆனால் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. எனவே திருப்பி அனுப்பப்பட்ட மாணவி முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு இரத்த அணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, குடற்புழு, உணவில் இரும்புப் பற்றாக்குறை ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் மறைநிலைக் கூறு உள்ளவர்களுக்கு இரும்பு மாத்திரை தந்து பயனில்லை என்பதால், காரணம் தெரிந்துகொண்டு சாப்பிடுவதே முறை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் ஈரல், இவற்றோடு எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்புள்ளவை சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். உணவு உண்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தால் அது தடைபடும். முகாமுக்கு முந்தைய நாள் பீட்ரூட் சாறு குடித்துவிட்டு வந்து எண் கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

தகுதி விதிகளில் பெண்களுக்கென்று உள்ள மற்றவையும் இங்கே இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் கொடுக்கக் கூடாது. பிரசவமான பிறகு 12 மாதங்களும், கருச்சிதைவுக்குப் பிறகு 6 மாதங்களும் காத்திருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும் தவிர்க்க வேண்டும்.

வைகை:

என் கேள்வி எளிது. வயது 52, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் தவறாமல் கொடுத்து வந்தேன். மாத்திரை தொடங்கிய நாள் முதல் தகுதி போய்விட்டது என்று நானே ஒதுங்கிவிட்டேன். நண்பர் ஒருவர் இப்போதும் கொடுக்கலாம் என்கிறார். எது சரி? பச்சை குத்தியவர்கள், பல் பிடுங்கியவர்கள், மஞ்சள் காமாலை வந்தவர்கள் பற்றியும் சொல்லுங்கள்; அலுவலகத்தில் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆய்வக மேசை:

நண்பர் சொன்னது சரி. மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கொடுக்கும் நேரத்தில் மேல் அழுத்தம் 100 முதல் 140 வரையும் கீழ் அழுத்தம் 60 முதல் 90 வரையும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். கடந்த 28 நாட்களில் மருந்தோ அதன் அளவோ மாறியிருக்கக் கூடாது. உறுப்புகளில் பாதிப்பு இருக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு உணவுக் கட்டுப்பாட்டிலோ மாத்திரையிலோ இருப்பவர் கொடுக்கலாம். அதிலும் நான்கு வாரங்களுக்குள் மாத்திரையை மாற்றியிருந்தால் காத்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் நிரந்தரமாகவே கொடுக்க முடியாது. உங்களைப் போல, மாத்திரை தொடங்கியதால் தாமாகவே ஒதுங்கிவிட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தால்கூட 60 நாட்களில் மறுபடி கொடுக்க வேண்டிய நெருக்கடி யாருக்கும் வராது.

பச்சை குத்துதல், காது மூக்கு குத்துதல், அக்குபங்சர் ஆகியவற்றுக்கு 12 மாதங்கள். பல் பிடுங்கினால் 6 மாதங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றாலும், தமக்கு இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலும் 12 மாதங்கள். நாய் கடித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் ஓராண்டு பொறுக்க வேண்டும். மலேரியா குணமாகி 3 மாதங்கள், டெங்கு அல்லது சிக்குன்குனியா குணமாகி 6 மாதங்கள், டைபாய்டு குணமாகி 12 மாதங்கள், காசநோய் முற்றும் குணமானது உறுதியாகி 2 ஆண்டுகள். மஞ்சள் காமாலை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஏ அல்லது ஈ வகை என்றால் 12 மாதங்கள். பி அல்லது சி வகை என்றால் நிரந்தரத் தடை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றிலோ விரதத்திலோ வரக் கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வருபவரையும் திருப்பி அனுப்புவோம். தொலைதூர வண்டி ஓட்டுநர், உயரத்தில் வேலை செய்பவர் போன்றோர் இரத்தம் கொடுத்த பின் 24 மணி நேரம் கழித்தே பணிக்குத் திரும்ப வேண்டும். சாய்வுக் கட்டிலில் நலமாகத் தெரிந்தவர் இரண்டு மணி நேரம் கழித்தும் மயங்கலாம். அப்போது அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பதால்தான், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்கிறோம்.

பொன்னமராவதியான்:

உங்கள் விளக்கங்களைப் படித்த பிறகு இடைவெளி விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் படிவத்தின் நீளம் எனக்கு இன்னும் நெருடுகிறது. எடுத்த இரத்தத்தை எப்படியும் சோதிக்கத்தானே போகிறார்கள்? எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள் கட்டாயம் என்று படித்திருக்கிறேன். பிறகு எதற்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தரங்கக் கேள்விகள் எல்லாம்?

குருதியியல் மாணவி:

தொற்று உடலுக்குள் வந்த நாளுக்கும் சோதனையில் அது தெரியத் தொடங்கும் நாளுக்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. சாளரக் காலம் என்பார்கள். எச்.ஐ.வி.க்கு எலைசா என்ற வழக்கமான சோதனை முறையில் அது சில வாரங்கள். நுண்ணுயிரியின் மரபுப்பொருளையே தேடும் நாட் சோதனையில் குறையும். ஆனால் முற்றிலும் இல்லாமல் போகாது. மேலும் நாட் சோதனை நம் நாட்டில் எல்லா மையங்களுக்கும் கட்டாயமாக்கப்படவில்லை. அந்தச் சில வாரங்களில் நோயாளியைக் காப்பது கொடையாளர் சொல்லும் உண்மை ஒன்றுதான். பச்சை குத்தியதற்கு 12 மாதங்கள் என்பதும் இதே காரணத்துக்காக, போதிய தாராளத்துடன் வைக்கப்பட்ட காலம்.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டதை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தாமாகவே வந்து சொன்னார். அவர் 2016இல் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டும் தகவல் அவரைச் சென்று சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அவர் மனமறிந்து எதையும் மறைக்கவில்லை. சோதனை, பதிவேடு, கொடையாளருக்குத் தகவல் சொல்லுதல் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. அதனால்தான் படிவத்தில் தேதியை மாற்றி எழுதுங்கள் என்ற யோசனை எனக்கு அச்சம் தருகிறது. தேதியில் பொய் சொல்லப் பழகியவர் அடுத்த கேள்விக்கும் வசதியான பதிலையே எழுதுவார்.

நீலமலர்:

தகுதி பற்றிப் பேசும்போது ஒரு பிரிவையும் சேர்த்துப் பேச வேண்டும். இதே 2017 நெறிகள் திருநர்களையும், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களையும், பாலியல் தொழிலில் உள்ள பெண்களையும் தொற்று ஆபத்து மிகுந்தோர் என்று வகைப்படுத்தி நிரந்தரமாக விலக்குகின்றன. இதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த திருநர் செயல்பாட்டாளர் சாந்தா குராய் 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் அப்போது மறுத்துவிட்டது. இந்தப் பிரிவினரிடம் தொற்றின் விகிதம் கூடுதலாக இருப்பதாக ஒன்றிய அரசு 2023இல் பதில் மனு அளித்தது.

நான் ஒரு திருநங்கை. நோயாளியின் பாதுகாப்பு முதன்மையானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே நீங்கள் எழுதிய ஒவ்வொரு விதியும் ஒருவர் செய்ததையோ அவருக்கு நேர்ந்ததையோ பார்க்கிறது: பச்சை குத்தினாரா, பல் பிடுங்கினாரா, இன்சுலின் போடுகிறாரா என்று. எங்களிடம் வரும்போது மட்டும் யார் என்பதைப் பார்க்கிறது. பிரிட்டனில் 2021 முதல் பாலினமோ பாலீர்ப்போ பாராமல் கொடையாளர் ஒவ்வொருவரிடமும் அண்மைக்கால நடத்தை பற்றிய ஒரே வகைக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அமெரிக்காவும் 2023இல் அந்த வழிக்கு வந்துவிட்டது. நம் ஊரில் ஒரு திருநங்கை தம் தோழிக்காக இரத்தம் கொடுக்கப் போனால், படிவத்தின் மேல் வரியிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்.

குருதியியல் மாணவி:

உங்கள் வாதத்தை ஏற்கிறேன். நாட் சோதனை எல்லா மையங்களிலும் இல்லாத நிலையில் இங்கே எச்சரிக்கை கூடுதலாக இருக்க வேண்டும் என்று என் துறையில் பலர் கருதுகிறார்கள். அது சோதனையைப் பரவலாக்குவதற்கான காரணம். ஒரு சமூகத்தை ஆயுள் முழுவதும் விலக்கி வைப்பதற்கான காரணமாக அதை நான் நினைக்கவில்லை. தனிமனித நடத்தையைக் கேட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒத்திவைக்கும் முறையே நோயாளிக்கும் நல்லது. ஏனெனில் ஆபத்தான நடத்தை எந்தப் பாலினத்தவரிடமும் இருக்கலாம்.

யாழ் வாசகன்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் முழு இரத்தத்துக்கான இடைவெளி ஆண், பெண் இருபாலாருக்கும் நான்கு மாதங்கள். எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும். இந்தியாவைவிட இறுக்கமான விதிதான். அப்படியிருந்தும் 2014 முதல் நாட்டின் இரத்தத் தேவை முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களாலேயே நிறைவேறுகிறது. நோயாளியின் உறவினரிடம் ஆள் கொண்டு வாருங்கள் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. கோயில், விகாரை, பள்ளிக்கூடம், இறந்தவரின் நினைவு நாள் என்று ஆண்டு முழுவதும் முகாம்கள் நடந்தவண்ணம் இருக்கும். இடைவெளியைக் குறைத்துத்தான் தட்டுப்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

காவிரிக்கரை:

யாழ் வாசகன் சொன்னதைப் படித்தபோது எங்கள் குழு எதில் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது தெளிவானது. நள்ளிரவில் ஆள் தேடுவதையே பெரும்பணியாகச் செய்து வந்தோம். இனிமேல் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் கடைசியாகக் கொடுத்த தேதியை எழுதி, இடைவெளி முடியாதவரின் எண்ணை யாருக்கும் பகிர்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த ஓ நெகட்டிவ் இளைஞரிடமும் பேசினேன். உரிய நாள் வந்ததும் தாமே சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

கடைசியாக ஓர் ஐயம். மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது தட்டணுக்களுக்காக (பிளேட்லெட்) அழைப்பு மேல் அழைப்பாக வருகிறது. தட்டணு கொடுப்பதற்கும் இதே 90 நாட்கள்தானா? கொடுத்தவரை மறுபடி எப்போது அழைக்கலாம்?

ஆய்வக மேசை:

இல்லை, அதற்குக் கணக்கு வேறு. இயந்திரத்தின் வழியாகத் தட்டணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களைத் திரும்ப உடலுக்குள் செலுத்திவிடுவதால் இரும்பு இழப்பு மிகக் குறைவு. ஆகவே 48 மணி நேர இடைவெளி போதும். ஆனால் வாரத்துக்கு இரு முறைக்கும் ஆண்டுக்கு 24 முறைக்கும் மேல் போகக் கூடாது. வயது 18 முதல் 60, எடை குறைந்தது 50 கிலோ. மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டவரின் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாது என்பதால் அவர்களைத் தவிர்ப்போம். முழு இரத்தம் கொடுத்தவர் தட்டணு கொடுக்க 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். தட்டணு கொடுத்தவர் முழு இரத்தம் கொடுக்கவும் 28 நாட்கள். ஆனால் இயந்திரம் இடையில் நின்று சிவப்பணுக்கள் முழுமையாகத் திரும்பச் செலுத்தப்படாமல் போயிருந்தால் அது முழு இரத்தம் கொடுத்ததற்குச் சமம், 90 நாட்கள் பொறுக்க வேண்டும். எனவே உங்கள் பட்டியலில் தேதியோடு, கொடுத்தது முழு இரத்தமா தட்டணுவா என்பதையும், திரும்பச் செலுத்துவது முழுமையாக முடிந்ததா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாட்கள். முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைக்க முடியாது. மழைக்காலத்தில் உங்களிடம் இருக்கும் தட்டணுக் கொடையாளர் அனைவரையும் ஒரே நாளில் அனுப்பிவிடாமல், மையத்தில் கேட்டு நாளுக்குச் சிலராக முறை வைத்து அனுப்புங்கள்.